தொண்ணூறு விநாடிக்கு ஒரு மணி

தீயை அணைத்து முடித்த பிறகுதான் இசக்கியம்மாள் அதைக் கவனித்தாள். நிலையத்தை நடத்தும் கணினிகள் அடங்கிய முதன்மைக் கட்டுப்பாட்டு அலமாரியையும், அது கெட்டால் உதவ வேண்டிய மாற்று அலமாரியையும் ஒரே அறையில் வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தே கருகிக் கிடந்தன.

மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, கடல்மட்டத்துக்கு நூற்றுத் தொண்ணூறு மீட்டர் கீழே இருந்தது நீலத்தரை நிறுவனத்தின் மூன்றாம் நிலையம். கடல்தரை மணலை உறிஞ்சி, கனிமத்தைப் பிரித்து மேலே அனுப்பும் வேலை. இசக்கி முக்குளிப்பவள் இல்லை. திசையன்விளைக்காரி, முப்பத்து மூன்று வயது, நிரல் எழுதுபவள். பழைய நிரல்களைப் புதுப்பிக்க மூன்று வாரத்துக்கு இறங்கியிருந்தாள். அவளோடு கீழே மூன்று பேர். நிலையத் தலைவர் பெலிக்ஸ், டாக்டர் செய்னம்பு, பிறகு ராயப்பன்.

ராயப்பன் சிகிச்சை அறையில் இருந்தான். இரண்டு நாள் முன்பு வெளியே வேலை செய்யும்போது கயிறு சிக்கி, பாரந்தூக்கி அவனை நாற்பது மீட்டர் மேலே இழுத்துவிட்டது. சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல் ரத்தத்தில் குமிழிகள் பொங்கின. முதுகுத்தண்டு வரை போய்விட்டன. இரண்டு கால்களும் மரத்துப்போயின. கையிலும் பாதி உணர்ச்சிதான். அவனைக் கூடுதல் அழுத்தத்தில் ஒரு சிறிய இரும்பு அறையில் படுக்க வைத்து, அழுத்தத்தைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் கருகிப்போன அந்த அலமாரிதான் செய்துகொண்டிருந்தது.

"மேலேருந்து எப்ப ஆள் வரும்?" என்று கேட்டாள் இசக்கி.

"புயலுக்குக் கப்பல் மேற்கே போயிருக்கு. நாலு நாளாகும்" என்றார் பெலிக்ஸ். ஐம்பத்திரண்டு வயது, தூத்துக்குடி. குரலை உயர்த்தாத மனிதர். "நாமளா மேல போகவும் முடியாது. உடம்பு இந்த அழுத்தத்துக்குப் பழகிப்போச்சு. மெதுவா ஏத்தணும்னா எட்டு நாள். இப்ப இருக்கிற காத்து நாலஞ்சு மணி நேரம் தாங்கும். பொறவு தலைவலி வரும். பொறவு தூக்கம் வரும்."

"வால்வெல்லாம் கையால திருக முடியாதா?"

"எல்லாம் வெளிய தொட்டியில இருக்கு. மின்சாரத்துலதான் திறக்கும். கையால திருகுற வால்வு ராயப்பன் ரூம்ல மட்டும்தான்."

மின்சாரம் இருந்தது. கம்பிகள் இருந்தன. வால்வுகளும் விசிறிகளும் பம்புகளும் நன்றாகவே இருந்தன. அவற்றுக்கு உத்தரவு கொடுக்கத்தான் யாருமில்லை. இசக்கி நிலையத்தின் வரைபடத்தை விரித்து, அதே கம்பியில் வேறென்ன கணினி இருக்கிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள். விரல் சாப்பாட்டு அறையில் நின்றது.

உணவு வழங்கும் இயந்திரம். பொத்தானை அழுத்தினால் இட்லியோ தேநீரோ சுடச்சுடக் கொடுக்கும் பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கணினி. சமையல்காரர்கள் பட்டியலை மாற்றிக்கொள்ள வசதியாக அதில் உத்தரவு எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி வைத்திருந்தார்கள்.

அவள் முன்மூடியைக் கழற்றி, விசைப்பலகையைச் செருகினாள். 'இன்று: வெண்பொங்கல்' என்ற எழுத்து மறைந்து வெறும் திரை வந்தது. முதல் உத்தரவாக ஒரு விசிறியைச் சுழற்றச் சொன்னாள். சுவருக்கு அப்பால் எங்கோ விர்ரென்ற சத்தம். இசக்கி தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். சந்தோஷத்தில்தான்.

"இது போதுமா?" என்றார் பெலிக்ஸ்.

"போதாதுண்ணே. பலம் போதும். ஆனா இது ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பார்க்கும். ஆக்சிஜன் வால்வைத் திறன்னு சொன்னா, திறந்துட்டு பதில் வர்ற வரைக்கும் சும்மா நிக்கும். ஒவ்வொண்ணும் பதில் சொல்ல அஞ்சு விநாடி, பத்து விநாடி ஆகுது. ஒன்பது வேலை. ஒரு சுத்து முடிய ஒரு நிமிஷத்துக்கு மேல. ஆக்சிஜனைப் பத்து விநாடிக்கு ஒரு தடவை பார்க்கலேன்னா கூடிப்போயிரும். திரும்பவும் தீப்பிடிக்கும்."

"அப்ப?"

இசக்கி யோசித்தாள். "பரோட்டாக் கடையில மாஸ்டர் ஒரே ஆளுதானே. முப்பது பேருக்கு எப்படிப் போடுறாரு? பரோட்டாவக் கல்லுல போட்டுட்டு அது வேகுற வரைக்கும் பார்த்துட்டு நிக்கமாட்டாரு. அந்த நேரத்துல அடுத்த மாவை வீசுவாரு, ஆம்லெட் ஊத்துவாரு. எது எதை எந்த இடத்துல விட்டோம்னு அவருக்கு ஞாபகம் இருக்கும். திரும்பி வந்து அந்த இடத்துலேருந்தே தொடருவாரு."

"சரி."

"இந்த மொழியில ஒரு வேலையப் பாதியில நிறுத்தி வச்சு, அதே இடத்துலேருந்து தொடர வழி இருக்கு. கோரூட்டின்னு சொல்லுவோம். இந்தப் பெட்டிக்குள்ள வேற ஒண்ணும் இருக்கு, ஈவென்ட் லூப். பொத்தான் எதையாவது அழுத்தினாங்களா, நேரம் ஆச்சான்னு ஓயாம சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் தனித்தனியாக் கிடக்கு. நான் சேர்த்துட்டேன்னா ஒவ்வொரு வேலையும், 'எனக்கு இந்தப் பதில் வேணும், வந்ததும் எழுப்பு'ன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிடும். லூப் அடுத்தவனை எழுப்பும்."

"ஒருத்தன் ஒதுங்கலேன்னா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கணினி தெரியாத மனிதர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"எல்லாம் நின்னுபோகும்ணே. இதுல எல்லாரும் விட்டுக்கொடுத்தாத்தான் எல்லாரும் பிழைப்பாங்க."

இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிடம் எழுதினாள். பெலிக்ஸ் கரியமில வாயுவின் மானியைப் பார்த்துப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். முள் மஞ்சளைத் தாண்டியபோது அவளுக்கு நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. அறுபத்தோரு வரிகள். ஓட்டினாள். நான்கு விநாடி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு கழிவுநீர்ப் பம்பிலிருந்து வந்த பதில், ஆக்சிஜன் வேலையை எழுப்பிவிட்டது. வால்வு திறந்துகொண்டது.

"நிறுத்தும்மா" என்றார் பெலிக்ஸ்.

நிறுத்தினாள். இரண்டு வேலைகளும் ஒரே அடையாள எண்ணைச் சொல்லிக் காத்திருந்தன. பதில் வந்ததும் முதலில் நின்றவன் எழுந்துவிட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யும் தவறு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து மறுபடி ஓட்டினாள்.

விசிறிகள் சுழன்றன. வால்வு திறந்தது, மூடியது. வெந்நீர்க் குழாய் கடகடத்தது. பம்பு இரண்டு மூச்சு உறிஞ்சிவிட்டு நின்றது. ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்று நடந்தது. இட்லி கொடுக்கும் பெட்டி ஒரு நிலையத்தையே தூக்கி நிறுத்தியிருந்தது. இசக்கி எழுந்து நின்று சிரித்தாள். பெலிக்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "இனி ராயப்பன்" என்றார்.

ராயப்பனின் அறைக்கென்று தயாரித்தவர்களே ஒரு நிரல் எழுதியிருந்தார்கள். உள்ளே பார்க்கவோ மாற்றவோ முடியாதபடி முத்திரை வைத்தது. அதைக் கூப்பிட்டாள். அது பதினொரு விநாடி பிடியை விடவேயில்லை. அத்தனை நேரமும் மற்ற எட்டும் நின்றன. ஆக்சிஜன் முள் எகிறியது. மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் அதேதான்.

"இதைச் சேர்த்தா நாம எரிஞ்சிருவோம்" என்றாள். "சேர்க்கலேன்னா உள்ள கெட்ட காத்து வெளியேறாது. ராயப்பன்..."

டாக்டர் செய்னம்பு முன்னால் வந்தார். காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வயது. தீயை அணைக்கும்போது குடித்த புகை அவர் நெஞ்சில் இன்னும் இருமிக்கொண்டிருந்தது. "உள்ள கை வால்வு இருக்குல்ல?" என்றார். "எத்தனை விநாடிக்கு ஒரு தடவை திருகணும்?"

"தொண்ணூறு. கால் திருகு. மானியப் பார்த்துட்டு மூடணும்" என்றாள் இசக்கி.

"நான் உள்ள போறேன்."

"டாக்டர், அந்தக் கதவு மூடினா, அழுத்தம் சமமாகுற வரைக்கும் திறக்காது. நாலு நாளும் உள்ளதான்" என்றார் பெலிக்ஸ்.

"நோயாளி உள்ள இருக்கான். டாக்டர் வேற எங்க இருப்பா?"

அந்த அறையிலும் உணவு இயந்திரத்தின் கிளை ஒன்று இருந்தது. சாப்பாடு தயாரானால் மணி அடிக்கும். தேநீர் வேண்டுமென்றால் பொத்தான் இருந்தது. இசக்கி அவை இரண்டையும் லூப்பில் சேர்த்தாள். தொண்ணூறு விநாடிக்கு ஒரு முறை மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் வால்வைத் திருகி, மூடி, தேநீர்ப் பொத்தானை அழுத்துவார். அதுதான் பதில். அது வரும்வரை லூப் மற்ற வேலைகளைப் பார்க்கும்.

ஒன்பதாவது கோரூட்டினாக ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். திரையில் மற்றவற்றின் பெயர்களுக்குக் கீழே அந்தப் பெயரும் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தபோது இசக்கிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் வாழ்நாளில் எழுதியவற்றில் அழகானது அதுதான் என்று அப்போது தோன்றியது.

முதல் நாள் முழுக்க டாக்டர் மணிக்குப் பதில் சொன்னார். இருபத்தாறாவது மணி நேரத்தில் இருமல் முற்றிக் காய்ச்சல் வந்தது. ஒலிபெருக்கியில் அவர் பேச முயன்று முடியாமல் போனது கேட்டது. பிறகு ராயப்பனின் குரல்.

"மேடம், டாக்டரம்மா மயங்கிட்டாங்க. மூச்சு இருக்கு. மணிய நான் பார்த்துக்கிடுதேன்."

"உங்க கை மரத்துப் போயிருக்கே ராயப்பன்."

"வலது கை பரவாயில்ல. திருக வருது."

வந்தது. அன்று, மறுநாள், அதற்கு மறுநாள். மணி அடிக்கும், திருகுவான், மூடுவான், பொத்தானை அழுத்துவான், அடுத்த மணிவரை கண்ணை மூடுவான். இடையில் டாக்டருக்குத் தண்ணீர் புகட்டுவான். இரண்டாம் நாளுக்குப் பிறகு இசக்கி கூப்பிட்டால் பேசுவதில்லை. ஆனால் மணிக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது. வெளியே பெலிக்ஸும் அவளும் முறைவைத்துத் தூங்கினார்கள். உள்ளே முறை மாற்ற ஆளில்லை.

நான்காம் நாள் கப்பல் திரும்பி, புதிய கட்டுப்பாட்டு அலமாரியை இறக்கியது. அதன்பின் எட்டு நாள் கழித்து நால்வரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

ஒரு மாதம் சென்றது. நீலத்தரையின் திட்டத் தலைவர் சௌந்தரபாண்டியன் இசக்கியைத் தூத்துக்குடி அலுவலகத்துக்கு அழைத்தார். நல்ல மனிதர். மேசைமேல் அவளுடைய நிரலை அச்சடித்து வைத்திருந்தார். பல இடங்களில் பென்சில் கோடு.

"என்ன அருமையான யோசனைம்மா இது" என்றார். "நம்ம ஆறு நிலையத்துலயும் பெரிய தலைவலியே அந்த அலமாரிதான். உப்பு ஈரம் தாங்கமாட்டேங்குது. வருஷத்துக்கு நாலு தடவை கெடுது. ராயப்பன் பதிவைப் பாருங்க. ரெண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மணி. ஒண்ணு கூட விடலை. அதுவும் நடக்க முடியாத நோயாளி. ஆரோக்கியமான ஆளை, சரியான முறை வச்சுப் போட்டா?"

"அலமாரிக்குப் பதிலா ஆளா?"

"எல்லாத்துக்கும் இல்ல. முக்கியமான வால்வுக்கு மட்டும். அதையெல்லாம் கையால திருகுற மாதிரி மாத்திருவோம். நிலையத்துக்கு இருபத்து நாலு பேர். மணிப் பணியாளர்னு பேர் வச்சிருக்கோம். அறிவிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு, ரெண்டாயிரம் மனு வந்திருக்கு. உங்க லூப்பை இருபத்து நாலு பேருக்கு விரிக்கணும். முடியுமா?"

முடியும். இசக்கிக்கு அங்கேயே மனம் ஓடத் தொடங்கிவிட்டது. ஒருவர் தாமதித்தால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பலாம். யார் வேகமாகப் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்கு முக்கியமான வால்வைக் கொடுக்கலாம். மூன்று வாரம் அவளுக்கு வேறு நினைவே இல்லை. காலையில் குளிக்கும்போதும் மனதில் அதை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி ஒரு வேலை நிரல் எழுதுபவளுக்கு ஆயுளில் ஒருமுறைதான் வாய்க்கும்.

மணியின் ஓசை எப்படி இருந்தால் நல்லது என்று கேட்கத்தான் ராயப்பன் வீட்டுக்குப் போனாள். திரேஸ்புரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பகல் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. ராயப்பன் சக்கர நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜெசிந்தா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எழுப்பட்டுமா மேடம்?"

"வேண்டாம். இருக்கேன்."

அப்போது அவனுடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. விரல்கள் எதையோ பற்றின. மணிக்கட்டு மெல்ல வலப்புறம் திரும்பி, சற்று நின்று, இடப்புறம் திரும்பியது. பிறகு கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தியது. கை மடியில் விழுந்தது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"கனவு கண்டுக்கிட்டே இருக்காரு போல" என்றாள் ஜெசிந்தா. "வந்த நாள்லேருந்து இப்படித்தான். தூங்கும்போதும் உண்டு. முழிச்சிருந்து எதையாவது யோசிச்சிட்டு இருந்தாலும் உண்டு. அவருக்கே தெரியாது. நானும் சொல்லல."

இசக்கி கைபேசியை எடுத்தாள். எதற்கு எடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எடுக்காமலிருக்க முடியவில்லை. கை மறுபடி எழுந்தபோது அதில் கடிகாரத்தை ஓடவிட்டாள். அடுத்த இரண்டு முறையும் விநாடியைப் பார்த்தாள்.

தொண்ணூறு. தொண்ணூறு.

ராயப்பன் கண் விழித்து அவளைப் பார்த்ததும் மலர்ந்தான். "மேடம், வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மணி வேலைக்கு நானும் மனு போட்டுருக்கேன். உக்காந்துக்கிட்டே பார்க்கிற வேலை. என்னை மாதிரி ஆளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கிடைச்சிரும்."

அவன் கை தூக்கத்தில் செய்ததை இசக்கி அவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. "என் கையா? நரம்பு இழுப்பா இருக்கும்" என்று சிரித்தான். "டாக்டரம்மா நாளாகும்னு சொன்னாங்கள்ல."

அடுத்த மாதம் கடலடிப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை நடந்தது. விபத்தைப் பற்றியும், நிறுவனம் கேட்கும் புதிய அனுமதியைப் பற்றியும் சேர்த்து. துறைமுகச் சாலையில் ஒரு மண்டபம். மேடையில் மூன்று பேர், நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மையார். முன்வரிசையில் ராயப்பன், அவன் பக்கத்தில் ஜெசிந்தா. வேலை கேட்டு மனுப் போட்டவர்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

சௌந்தரபாண்டியன் நன்றாகப் பேசினார். "அலமாரி ஈரத்தில் கெடுகிறது. மனிதன் கெடவில்லை. பதிவே சாட்சி" என்று முடித்தபோது பின்வரிசையில் கைதட்டினார்கள். பிறகு நீதிபதி இசக்கியை எழுப்பினார்.

"நீங்கள் எழுதிய முறை மறுபடியும் வேலை செய்யுமா?"

"செய்யும்மா."

"உறுதியாகவா?"

"உறுதியா. அதனாலதான் அனுமதி கொடுக்காதீங்கன்னு கேக்கேன்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். தயாரித்து வந்த தாள் கையில் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கவில்லை.

"அந்த நிரல்ல எல்லாத்துக்கும் ஒரு நிறுத்தம் எழுதினேன். பம்பு சூடானா நிறுத்தும். விசிறி இழுத்தா நிறுத்தும். ராயப்பனுக்கு எழுதல. இப்ப முடியாதுன்னு சொல்ல அவருக்கு வழியே வைக்கல. அன்னைக்கு அவர் முடியாதுன்னு சொல்லியிருந்தா அவர் செத்திருப்பாரு, அது வேற. ஆனா அதுக்கப்புறம் மூணு வாரம் உக்காந்து இருபத்து நாலு பேருக்கு எழுதினேன். அப்பவும் அந்த வரி எனக்குத் தோணல. நான் கெட்டவ இல்லம்மா. அந்த வேலை அவ்வளவு நல்லாப் போயிட்டிருந்தது."

"பதிவில் ஒரு தவறும் இல்லையே?" என்றார் நீதிபதி.

"பதிவு மணி நின்னதோட முடிஞ்சிருச்சு. மீதிய அவர் கையில பாருங்க. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். ஒண்ணுமில்ல, வேணும்னா எல்லாரும் பார்க்கட்டும்னுதான் சொன்னாரு."

எல்லோரும் ராயப்பனைப் பார்த்தார்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. அவன் இசக்கியைப் பார்த்துத் தலையசைத்தான். கோபமில்லாமல், சொன்னேன் இல்லையா என்பதுபோல.

நீதிபதி வேறு கேள்விக்குப் போனார். டாக்டர் செய்னம்புவை அழைத்தார். செய்னம்பு மெலிந்திருந்தார். அந்த அறையில் தனக்கு நினைவு தப்பிய நேரங்களைச் சொன்னார். விழித்தபோதெல்லாம் உதட்டில் ஈரத்துணி இருந்ததைச் சொன்னார். ராயப்பன் அவர் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் பார்வை எங்கோ போயிற்று.

கை எழுந்தது. திரும்பியது. நின்றது. திரும்பியது. கட்டைவிரல் அழுத்தியது.

முதலில் பார்த்தவர் நீதிபதி. செய்னம்புவை நிறுத்தச் சொல்லவில்லை. தொடருங்கள் என்று கண்ணால் காட்டினார். இரண்டாம் முறை கை எழுந்தபோது மேடையில் மூவரும் பார்த்தார்கள். மூன்றாம் முறை மண்டபமே பார்த்தது. செய்னம்புவின் குரல் தானாக நின்றது. அந்த அமைதியில் ராயப்பன் சுற்றிலும் உள்ள முகங்களைப் பார்த்தான். பிறகு குனிந்து, அந்தரத்தில் பாதி திரும்பி நின்ற தன் கையைப் பார்த்தான். இடது கையால் அதைப் பிடித்து இறக்கி மடியில் அமுக்கிக்கொண்டான். ஜெசிந்தா தன் கையை அதன்மேல் வைத்தாள்.

மணிப் பணிக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாற்று அலமாரியைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. நிறுவனம் ராயப்பனுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. இசக்கி வேலையை விட்டுவிட்டாள். மனுப் போட்ட இரண்டாயிரம் பேரில் சிலர் அவளைத் தெருவில் பார்த்து முகம் திருப்பினார்கள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள்.

விசாரணை முடிந்த அன்று மண்டப வாசலில் ராயப்பன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக் கேட்டதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் அதுல கெட்டிக்காரனா இருந்தேன் மேடம். ரெண்டாயிரத்துச் சொச்சம் தடவை, ஒண்ணுகூட விடல. இனி எதுல கெட்டிக்காரனா இருக்கப் போறேன்?"

ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதன்பின் அவன் அவளிடம் பேசவில்லை.

ஜெசிந்தா மட்டும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுவாள். கை இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுகிறது என்பாள். அடுத்த மாதம், ஐந்து நிமிடம். கார்த்திகையில் கூப்பிட்டபோது, முந்தின நாள் பகல் முழுக்க ஒருமுறைகூட எழவில்லை என்றாள். துறைமுகத்தில் முக்குளிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வாரம் மூன்று நாள் போகிறானாம்.

"எம்மேல இன்னும் கோபமா?" என்று கேட்டாள் இசக்கி.

"கோபம்தான்."

"நீங்க எங்கூடப் பேசுறது அவருக்குத் தெரியுமா?"

ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்பரைப் போட்டுக் கொடுக்கிறதே அவருதான்" என்றாள்.